பேருக்கு முன்னாடி 'டாக்டர்': யார் போடலாம்?

பிஎச்.டி. முடிச்சவர் 'டாக்டர்' போட்டா, "ஊசி போடுவீங்களா?"ன்னு கிண்டல் பண்றோம். லத்தீன்ல அந்த வார்த்தைக்கு ஆசிரியர்னுதான் அர்த்தம். எம்.பி.பி.எஸ். இளநிலைப் பட்டம், பிஎச்.டி.தான் முனைவர் பட்டம். ரெண்டு பேரும் போடலாம்.

ஆனா நோயாளிக்கு முக்கியமான கேள்வி வேற: இவர் வைத்தியம் பார்க்கலாமா? சாப்ட்வேர்காரனா நான் இப்படிச் சொல்வேன்: 'டாக்டர்'ங்கிறது டிஸ்ப்ளே நேம், மருத்துவ கவுன்சில் பதிவு எண்தான் ஐடி. 2002 விதிமுறைப்படி, அந்த எண் கிளினிக்லயும் மருந்துச் சீட்டுலயும் இருக்கணும். பதிவு இல்லாம அலோபதி வைத்தியம் பார்த்தா, 2019 சட்டப்படி 1 வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டுமே.

அடுத்த தடவை சீட்டுல அந்த எண்ணைத் தேடுங்க. இல்லைன்னா கேளுங்க. அது மரியாதைக் குறைவு இல்ல.