டி.டி.எச் அலைவாங்கல் கோளாறுகள்

டி.டி.எச் அலைவாங்கல் கோளாறுகள் என்பவை, செயற்கைக்கோளிலிருந்து வீடுகளுக்கு நேரடியாக அனுப்பப்படும் எண்ணிமத் தொலைக்காட்சிக் குறிகைகளைப் பெறுவதில் ஏற்படும் தடைகள் ஆகும். படம் கட்டங்கட்டமாக உடைதல், அசையாமல் உறைந்து நிற்றல், ஒலி விட்டுவிட்டு வருதல், "சிக்னல் இல்லை" என்னும் அறிவிப்புத் தோன்றுதல் ஆகியவை இவற்றின் பொதுவான அறிகுறிகள். எந்த அலைவரிசைகள் தெரியவில்லை, எப்பொழுது தெரியவில்லை என்பதை முறையாகக் கவனித்தால், புதிய பெட்டி வாங்குவதற்கு முன்னரே பழுதுள்ள இடத்தைப் பெரும்பாலும் கண்டறியலாம்.

அமைப்பு

இந்தியாவில் தூர்தர்சனின் கட்டணமில்லா டி.டி.எச் சேவை 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. பின்னர் டிடி ஃப்ரீ டிஷ் எனப் பெயர் மாற்றப்பட்ட இச்சேவை, 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பாகிறது. இச்செயற்கைக்கோள் கிழக்கு நெடுவரை 93.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 35,800 கி.மீ உயரத்தில் உள்ளது. கட்டணச் சேவைகள் வேறு செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தினாலும் வீட்டிலுள்ள அமைப்பு ஒன்றே.

பொதுவாக 60 செ.மீ அளவுள்ள கிண்ண அலைவாங்கி (டிஷ்) குறிகையைத் திரட்டி, அதன் முன் பொருத்தப்பட்டுள்ள எல்.என்.பி என்னும் கருவியில் குவிக்கிறது. எல்.என்.பி, 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களாகக் குறைத்து, வடம் வழியாகச் செட்-டாப் பாக்ஸுக்கு அனுப்புகிறது. எல்.என்.பி இயங்குவதற்கான மின்சாரமும் அதே வடத்தில் பாக்ஸிலிருந்து மேலே செல்கிறது. இம்மின்னழுத்தம் 13 வோல்ட்டாக இருந்தால் செங்குத்து முனைவாக்கமும், 18 வோல்ட்டாக இருந்தால் கிடை முனைவாக்கமும் தெரிவு செய்யப்படும். வடத்தைக் கழற்றும் முன் பாக்ஸின் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

எண்ணிமக் குறிகையின் இயல்பு

பழைய ஒப்புமைத் தொலைக்காட்சியில் குறிகை நலிந்தால் திரையில் வெண்புள்ளிகள் படிப்படியாகக் கூடும். அதைக் கொண்டு ஆண்டெனா விலகியிருப்பதைப் பார்ப்பவரே உணரலாம். எண்ணிமத் தொலைக்காட்சியில் இந்த முன்னறிவிப்பு இல்லை. குறிகையுடன் சேர்த்து அனுப்பப்படும் பிழைதிருத்தும் குறிமுறைகள், வழியில் ஏற்படும் பிழைகளை ஓர் எல்லை வரை முழுமையாகச் சரிசெய்துவிடுகின்றன. அந்த எல்லையைத் தாண்டியதும் படம் திடீரென மறைந்துவிடும்.

எனவே தெளிவான படம் தெரிவதாலேயே அமைப்பு சரியாக உள்ளது எனக் கொள்ள முடியாது. சற்றே திசை விலகிய டிஷ், வானம் தெளிவாக உள்ள நாளில் குறையற்ற படத்தையும், முதல் தூறலிலேயே வெற்றுத் திரையையும் தரும்.

வலிமையும் தரமும்

செட்-டாப் பாக்ஸின் அமைப்புப் பட்டியலில் குறிகையின் வலிமை, தரம் என இரு அளவுகள் காட்டப்படும். இவற்றின் வேறுபாட்டை அறிவது பழுதைக் கண்டறிவதில் முதன்மையானது. எல்.என்.பி தானே உண்டாக்கும் இரைச்சலும் வலிமையில் சேர்ந்துவிடுவதால், அது மட்டும் மிகுந்திருப்பது போதாது.

* வலிமை உள்ளது, தரம் இல்லை: வடமும் எல்.என்.பியும் இயங்குகின்றன, டிஷ் உரிய செயற்கைக்கோளை நோக்கவில்லை, அல்லது குறிகை மறைக்கப்பட்டுள்ளது.
* இரண்டும் இல்லை: வடம், இணைப்பி, எல்.என்.பி ஆகியவற்றுள் ஒன்றில் பழுது.
* தரம் ஏறி இறங்குகிறது: டிஷ் தளர்ந்துள்ளது, மரக்கிளை குறுக்கிடுகிறது, அல்லது இணைப்பியில் நீர் புகுந்துள்ளது.

இவ்வளவுகள் பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறுபடும். ஆகவே படம் நன்றாகத் தெரியும் நாளில் தரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் ஒப்பிடுவது நன்று.

அறிகுறிகளும் காரணங்களும்

முதலில், அறிவிப்பைக் காட்டுவது தொலைக்காட்சியா பாக்ஸா எனப் பார்க்க வேண்டும். பாக்ஸின் பட்டியல் திரையில் தோன்றாவிட்டால், பாக்ஸுக்கு மின்சாரம் இல்லாமலோ, எச்.டி.எம்.ஐ வடம் கழன்றோ, தொலைக்காட்சியில் வேறு உள்ளீடு தெரிவு செய்யப்பட்டோ இருக்கலாம். இந்நிலையில் மொட்டைமாடிக்குச் செல்ல வேண்டியதில்லை.

ஒரு சில அலைவரிசைகள் மட்டும் தெரியாவிட்டால், சந்தாவோ அலைவரிசைப் பட்டியலோ காரணமாக இருக்கலாம். டிடி ஃப்ரீ டிஷ் சேவையில் தனியார் அலைவரிசைகளுக்கான இடங்கள் மின்னேலம் மூலம் வழங்கப்படுவதால் பட்டியல் அவ்வப்போது மாறும். அப்பொழுது பாக்ஸில் மீண்டும் தேடல் செய்ய வேண்டும். எம்பெக்-2 முறையை மட்டும் அறிந்த பழைய பாக்ஸ்களில் எம்பெக்-4 அலைவரிசைகள் தெரியா.

இரு முனைவாக்கங்களையும் பயன்படுத்தும் சேவையில், ஒரு முனைவாக்கத்தைச் சேர்ந்த அலைவரிசைகள் மட்டும் மறைந்தால், வடத்தில் மின்னழுத்தம் குறைந்திருக்கலாம் அல்லது எல்.என்.பி தன் பிடியில் சுழன்றிருக்கலாம்.

எஃப் இணைப்பி எனப்படும் திருகு முனை, கோளாறு அடிக்கடி தோன்றும் இடமாகும். உட்புறக் கம்பியில் பச்சைக் களிம்பு படிந்திருந்தாலோ, வெளிவலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலோ குறிகை கெடும். அம்முனையை வெட்டிவிட்டுப் புதிய இணைப்பி பொருத்துவது செலவு குறைந்த தீர்வு. இணைப்பிக்கு அருகில் வடத்தைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால், மழைநீர் உள்ளே செல்லாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

மழை

இந்த அதிர்வெண்களின் அலைநீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. மழைத்துளிகள் இவ்வலைகளை உறிஞ்சியும் சிதறடித்தும் நலிவடையச் செய்கின்றன. கனமழையில் சில நிமிடங்கள் படம் மறைவது இயல்பு. டிஷ்ஷைத் திருப்ப முயன்றால் சரியான திசையும் கெட்டுவிடும். தூறலிலேயே படம் மறைந்தால் திசை விலகியுள்ளது எனலாம். மழை நின்ற பின்னும் திரும்பாவிட்டால் இணைப்பியில் நீர் புகுந்திருக்கக்கூடும்.

புயல் அறிவிப்புகள் மிகவும் தேவைப்படும் வேளையிலேயே டி.டி.எச் நின்றுபோகலாம் என்பது குறிப்பிடத்தக்கது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோரத்தில் வாழ்வோர், மின்கலத்தால் இயங்கும் வானொலி ஒன்றையும் வைத்திருப்பது நன்று. மத்திய அலை வானொலியை மழை இவ்வாறு பாதிப்பதில்லை.

சூரியக் குறுக்கீடு

ஆண்டுக்கு இருமுறை சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதுபோல் அமைகிறது. அப்பொழுது சூரியனின் வானொலி இரைச்சல் குறிகையை மூழ்கடிக்கும். தமிழ்நாட்டில் இது மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியையொட்டியும், தொடர்ந்து சில நாட்கள், ஏறத்தாழ ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் நிகழும். இதற்குத் திருத்தம் தேவையில்லை.

டிஷ்ஷின் திசை

சென்னையிலிருந்து ஜிசாட்-15 தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 134 பாகையில், அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் உள்ளது. எல்.என்.பி நடுவில் இல்லாமல் கீழ்ப்புறம் தாழ்ந்திருக்கும் வகை டிஷ், உண்மையான திசையைவிடத் தாழ்வாக நோக்குவதுபோல் தோன்றும். இதனால் எதிரே தெரியும் மரத்தைத் தடையென எண்ணிவிடுவதுண்டு. இவ்வளவு உயரக் கோணத்தில், 10 மீட்டர் தொலைவில் உள்ள தென்னை மறைக்க வேண்டுமானால், அது டிஷ்ஷைவிட ஏறத்தாழ 25 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். மாறாக, அருகில் தொங்கும் ஒரு கிளையே போதும்.

ஓரிரு பாகை விலகலே தரத்தைப் பெரிதும் குறைக்கும். ஆகவே ஒருவர் தரத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் டிஷ்ஷை மிகச் சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் நிறுத்த வேண்டும். பாக்ஸ் குறிகையை இனங்காண அந்நேரம் தேவை. மழை, இடி, காற்று உள்ளபோது கூரையில் ஏறுதல் கூடாது. மின்கம்பிக்கு அருகிலோ கைப்பிடிச்சுவருக்கு வெளியிலோ டிஷ் இருந்தால் பணியாளரை அழைப்பதே பாதுகாப்பானது.

வீட்டுக்கு வெளியே உள்ள காரணங்கள்

சில வேளைகளில் பழுது செயற்கைக்கோளிலேயே ஏற்படும். 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளின் இரு சூரியத் தகடுகளுள் ஒன்றில் மின்வழங்கல் கோளாறு ஏற்பட்டதால், அதன் 24 டிரான்ஸ்பாண்டர்களில் 12 நிறுத்தப்பட்டன. அதைப் பயன்படுத்திய டி.டி.எச் சேவைகளில் பல அலைவரிசைகள் மறைந்தன. இத்தகைய நிலையில் வீட்டிலுள்ள எதை மாற்றினாலும் பயனில்லை. எனவே வானம் தெளிவாக இருக்கும்போது அலைவரிசைகள் திடீரென மறைந்தால், அதே சேவையைப் பெறும் அண்டை வீட்டில் படம் தெரிகிறதா எனக் கேட்டறிந்த பின்னரே வடத்தையோ டிஷ்ஷையோ தொடுவது முறையாகும்.