அடைத்த கதவும் அடுத்த வழியும்

மும்பை மாதுங்காவிலுள்ள கிங்ஸ் சர்க்கிளை அறியாத தமிழர் அந்நகரில் அரியர். காப்பியின் மணமும், தொடுத்த மல்லிகையும், நடைபாதையில் அடுக்கிய பழைய புத்தகங்களும் அங்கே நம்மவருக்குச் சொந்த ஊரை நினைவூட்டும். அவ்வட்டாரத்து வீடொன்றில் ஒரு மாணவி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடல் கடந்து சென்ற தமிழரைப் பற்றி அயல்நாட்டு அரசாங்கம் ஒன்று வெளியிட்ட அறிக்கை அவளுக்கு வேண்டும். அதன் இணைய முகவரியைக் கணினியில் இடுகிறாள். 'உங்கள் நாட்டிலிருந்து இதனைக் காண இயலாது' என்று விடை வருகிறது. கட்டுரையை ஒப்படைக்கும் நாளோ நெருங்குகிறது. அவள் செய்யத்தக்கது யாது?

முதலில் கதவு அடைபடும் விதத்தை அறிவோம். இணையத்திற் சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் முகவரி உண்டு. எந்த எண் எந்த நாட்டுக்கு உரியது என்னும் பட்டியலைக் கொண்டு, வலைத்தளம் வருவோரைப் பிரித்து நிறுத்துகிறது. வந்தவர் மாணவரா, தீங்கு செய்ய வந்தவரா என்பதை அது அறியாது. 403 என்னும் குறி அனுமதி மறுக்கப்பட்டது என்பதைக் காட்டும். 451 என்பது சட்டக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்று பொருள்படும். நூல்களை எரிக்கும் உலகைப் பற்றி ரே பிராட்பரி 1953-இல் எழுதிய நாவலின் பெயரிலிருந்தே இந்த எண் எடுக்கப்பட்டது.

இவ்வாறு அடைப்பதற்குக் காரணங்கள் பல. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின், இணையத் தாக்குதலுக்கு அஞ்சி, ரஷ்ய அரசுத் தளங்கள் பல வெளிநாட்டாருக்குத் திறவாமற் போயின. நம் நாட்டு அரசுத் தளங்களிலும் சில வெளிநாட்டிலிருந்து திறப்பதில்லை. சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ வாழும் தமிழ் ஆராய்ச்சியாளரும் இதே அல்லலுக்கு ஆளாவதுண்டு.

இனி, வழிகளைக் காண்போம். முதலாவது, இணைய ஆவணக் காப்பகம். அமெரிக்காவில் 1996-இல் தோன்றிய 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் இந்நிறுவனம், வலைப்பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வருகிறது. 'வேபேக் மெஷின்' என்னும் அதன் பகுதியில் முகவரியை இட்டுத் தேதியைத் தேர்ந்தால், பல வேளைகளில் வேண்டிய பக்கம் கிடைத்துவிடும். பைசாச் செலவில்லை.

அங்கே கிடைக்காவிடில், கல்லூரி நூலகரை அணுகுக. அயல்நாட்டு நூலகருக்கு எழுதிப் படி பெறும் முறை அவருக்குத் தெரிந்திருக்கும். அவ்வறிக்கையை முன்பு பயன்படுத்திய ஆசிரியருக்குப் பணிவுடன் ஒரு கடிதம் எழுதினாலும் பலன் உண்டு.

மூன்றாவது வழியைப் பலர் அறியார். அமெரிக்காவில் 1966-இலும் பிரிட்டனில் 2000-இலும் இயற்றப்பட்ட தகவல் உரிமைச் சட்டங்களின்படி, அந்நாட்டுக் குடிகள் அல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுச் சட்டமோ குடிமக்களுக்கு மட்டுமே உரியது. அவ்விரு நாடுகளிலும் விடையளிக்க 20 வேலை நாள் வரையறுக்கப்பட்டுள்ளது. எனினும் தாமதம் நேர்வதுண்டு. ஆகவே ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே விண்ணப்பிப்பது அறிவுடைமை.

வேற்று நாட்டு எண் முகவரியை இரவல் பெற்று உள்ளே செல்லும் வி.பி.என். என்னும் முறையும் உண்டு. இந்தியாவில் அதனைப் பயன்படுத்துவதே பொதுவாகக் குற்றம் ஆகாது. ஆயினும் 2022-ஆம் ஆண்டு அரசாணைப்படி, அச்சேவை நடத்துவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருத்தல் வேண்டும். இலவசச் சேவைகளிற் சில நம் விவரங்களையே விற்றுவிடக்கூடும். அன்றியும், சட்டத்தால் காக்கப்பட்ட தரவுகளை இவ்வாறு எடுத்தால் ஆராய்ச்சிக்கே பழுது நேரும். தளத்தின் விதிகளைப் படித்து, வழிகாட்டும் பேராசிரியரைக் கேட்டபின்னரே இதில் இறங்குதல் நன்று.

எவ்வழியிற் பெற்றாலும் ஒரு படியைச் சேமித்து, எங்கே, எந்நாளிற் கண்டது என்பதைக் கட்டுரையிற் குறித்தல் வேண்டும். இன்று திறந்துள்ள பக்கம் நாளை மூடப்படலாம். பின் வரும் ஆராய்ச்சியாளருக்கு அக்குறிப்பே துணை. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் ஒரு கடையிற் கிடைக்காத நூலை அடுத்த கடையிற் கேட்கிறோம் அல்லவா? நம் மாணவியும் அவ்வாறே அடுத்த கதவைத் தட்டுவாளாக.