சில்லறை அந்நியச் செலாவணி வணிகம்

சில்லறை அந்நியச் செலாவணி வணிகம் என்பது, தனிநபர்கள் சிறு தொகையை முன்பணமாகச் செலுத்தி, நாணய மதிப்புகளின் ஏற்ற இறக்கத்தில் இலாபம் பெற முயலும் ஊக வணிகம் ஆகும். பேச்சு வழக்கில் இது பாரெக்ஸ் எனப்படுகிறது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ சென்றவர் அனுப்பும் பணம் வங்கியில் ரூபாயாக மாறுவதும் அந்நியச் செலாவணிப் பரிமாற்றமே. ஆனால் கைப்பேசிச் செயலிகளில் நடக்கும் வணிகத்தில் பெரும்பாலும் நாணயம் கைமாறுவதில்லை. விலை வேறுபாடு மட்டுமே வரவாகவோ பற்றாகவோ எழுதப்படுகிறது.

செயல்படும் முறை

இவ்வணிகத்தின் கவர்ச்சியும் ஆபத்தும் லெவரேஜ் எனப்படும் கடன்பெருக்கத்தில் உள்ளன. 500 மடங்கு கடன்பெருக்கம் தரும் நிறுவனத்தில் 10,000 ரூபாய் செலுத்துபவர் 50 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒப்பந்தத்தை வாங்கலாம். விலை 0.2 விழுக்காடு எதிர்த்திசையில் நகர்ந்தாலே முன்பணம் முழுவதும் தீர்ந்துவிடும். யூரோ, டாலர் ஆகியவற்றுக்கிடையே இத்தகைய நகர்வு ஒரே நாளில் நிகழ்வது வழக்கமானதே. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் ஒவ்வொரு முறையும் வணிகரின் கணக்கிலிருந்தே கழிகிறது. மேலும், பல நிறுவனங்களில் வாடிக்கையாளரின் ஒப்பந்தத்துக்கு எதிர்த்தரப்பாக நிற்பது அந்நிறுவனமே. அவரது இழப்பு அதன் வருவாய்.

விளம்பரமும் நடப்பும்

யூடியூப், இன்ஸ்டாகிராம், டெலிகிராம் ஆகியவற்றில் காட்டப்படும் இலாபப் படங்களைச் சரிபார்க்க வழியில்லை. மாதிரிக் கணக்கில் போலிப் பணத்தால் ஈட்டிய இலாபத்தையும் அவ்வாறே படம்பிடிக்கலாம். பரிந்துரைப்போர் பலருக்குத் தாம் சேர்த்துவிட்டவர் செய்யும் ஒவ்வொரு வணிகத்துக்கும் தரகுத்தொகை கிடைக்கிறது. சேர்ந்தவர் இலாபம் பெற்றாலும் இழந்தாலும் அத்தொகை குறைவதில்லை.

ஐரோப்பியப் பங்குப்பத்திர, சந்தைகள் ஆணையம் 2018இல், வேறுபாட்டு ஒப்பந்தங்களில் சில்லறைக் கணக்குகளுள் 74 முதல் 89 விழுக்காடு வரை இழப்பைச் சந்திப்பதாகத் தெரிவித்து, முதன்மை நாணய இணைகளுக்கான கடன்பெருக்கத்தை 30 மடங்காகக் கட்டுப்படுத்தியது.

புகழ்பெற்ற மேடையில் தோன்றும் விளம்பரம் சட்ட ஒப்புதலுக்குச் சான்றாகாது. ஆக்டாஎஃப்எக்ஸ் 2021இல் ஐபிஎல் துடுப்பாட்ட அணியான டெல்லி கேபிட்டல்ஸின் விளம்பரதாரராக இருந்தது. அடுத்த ஆண்டே இந்திய ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் பெயர் இடம்பெற்றது. பின்னர் அமலாக்கத் துறை அதன் இந்தியச் செயற்பாடுகளை விசாரித்துச் சொத்துகளை முடக்கியது.

இந்தியச் சட்டநிலை

1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, இந்தியாவில் வசிப்போர் அங்கீகாரம் பெற்றோருடன், அனுமதிக்கப்பட்ட நோக்கங்களுக்காக மட்டுமே அந்நியச் செலாவணிப் பரிமாற்றம் செய்யலாம். இணையவழி வணிகம் ரிசர்வ் வங்கி அங்கீகரித்த தளங்களிலோ தேசியப் பங்குச் சந்தை போன்ற அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளிலோ நடைபெற வேண்டும். வெளிநாட்டுத் தளங்களுக்கு முன்பணம் அனுப்புதல் அனுமதிக்கப்படவில்லை. இது பலரும் அறியாத செய்தி: ஏமாந்தவரே சட்டத்தை மீறியவராகவும் ஆகக்கூடும். தொடர்புடைய தொகையைப்போல் மும்மடங்கு வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்கள் கொண்ட எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டு, பின்னர் அதை விரிவாக்கியது. பட்டியலில் இல்லாததாலேயே ஒரு நிறுவனம் அங்கீகாரம் பெற்றதாகிவிடாது என்றும் அது தெளிவுபடுத்தியுள்ளது.

தேசியப் பங்குச் சந்தையில் டாலர்–ரூபாய் முன்பேர ஒப்பந்தங்கள் 2008 ஆகத்து 29 அன்று தொடங்கின. ரூபாய் தொடர்பான ஒப்பந்தங்களுக்கு ஏற்றுமதி, இறக்குமதி போன்ற உண்மையான அந்நியச் செலாவணித் தொடர்பு இருத்தல் வேண்டும் என்ற விதி 2024 மே 3 முதல் வலியுறுத்தப்படுகிறது. எனவே ரூபாயின் மதிப்பை வெறுமனே ஊகித்து வணிகம் செய்வதற்கு உள்நாட்டுச் சந்தையிலும் இடமில்லை.

பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற தேசிய உதவி எண்ணிலோ, அரியலூர் உட்பட அந்தந்த மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ முறையிடலாம்.