கையெழுத்துப் போடும் முன்...

விவாகரத்து என்ற வார்த்தையைக் கேட்டாலே காதைப் பொத்திக் கொண்ட காலம் போய்விட்டது. ஆனால், 'எப்படியோ விட்டால் போதும்டா சாமி' என்று, நீட்டுகிற பேப்பரில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பிள்ளையோடு கஷ்டப்படும் பெண்களைப் பார்த்தால் தான் மனசு ஆறவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண், வயது 28. ஆறு வயதில் மகன். கணவனைப் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி, பரஸ்பர சம்மதத்தில் பிரிவதாக குடும்ப நல கோர்ட்டில் மனு போட்டு விட்டனர். ஒருநாள் அதன் நகலைக் கொண்டு வந்து, "அக்கா, இதில என்ன எழுதியிருக்குன்னு படிச்சு சொல்லுங்க" என்றாள்.

படித்ததும் பகீரென்றது. 'எனக்கும், மகனுக்கும் ஜீவனாம்சம் வேண்டாம். நகை, பாத்திரம் எல்லாம் பெற்றுக் கொண்டேன்' என்று எழுதி, கீழே அவள் கையெழுத்து! அவள் அம்மா போட்ட 20 சவரனும் மாமியார் வீட்டு பீரோவில் இருக்கிறது. கேட்டால், "பெரியப்பா போடச் சொன்னார், போட்டேன்" என்கிறாள்.

மறுநாளே, கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே வக்கீல் உதவி இலவசம்; 1987ம் ஆண்டு சட்டத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

அங்கிருந்த வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னதை, நாம் எல்லாருமே தெரிந்து கொள்வது நல்லது.

இந்து திருமணச் சட்டப்படி, ஒரு வருஷமாவது பிரிந்து இருந்தால் தான் சம்மத மனு போட முடியும். ஆறு மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். தீர்ப்பாகும் வரை, கொடுத்த சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அந்த ஆறு மாதத்தை நீதிபதி குறைக்கலாம் என்று, 2017ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால், ஜீவனாம்சமும், குழந்தை யாரிடம் என்பதும் உண்மையாகப் பேசித் தீர்ந்திருக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு நிபந்தனை.

பிள்ளைக்குச் சேர வேண்டியதை வேண்டாம் என்று எழுதித் தர, பெற்ற தாய்க்கும் உரிமை இல்லை. அது பிள்ளையின் உரிமை.

'எனக்குச் சம்பளமே குறைச்சல்' என்று சொல்லி இனி தப்பிக்க முடியாது. ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவருமே சம்பளம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும்; மனு போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்கு என்று 2020ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. முன்பு '125வது பிரிவு' என்பார்களே, அது 2024 ஜூலை 1 முதல், புதிய சட்டத்தில் 144வது பிரிவு. எந்த மதத்துப் பெண்ணும் அதில் கேட்கலாம்.

பெண்ணுக்குப் போட்ட நகையும், சீரும் அவளுக்கே சொந்தம். மாமியார் வீட்டில் இருந்தாலும், அவர்கள் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தர வேண்டியவர்களே.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பொதுவாக அம்மாவிடம் தான். அதற்கு மேல், பிள்ளைக்கு எது நல்லது என்று தான் கோர்ட் பார்க்கும். அப்பா பார்க்க வரும் நாள், லீவில் யாரிடம், ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது எல்லாம் எழுத்தில் இருக்கணும். நம் கோபத்துக்காக, பிள்ளையை அப்பாவிடம் காட்டாமல் மறைப்பதும் தப்பு.

இதையெல்லாம் புது மனுவில் சேர்த்தால் தான் இரண்டாவது சம்மதம் என்று அவள் உறுதியாக நின்றாள். சமரசப் பேச்சு நடந்தது. 16 சவரன் கைக்கு வந்தது. நாலு சவரன் அடகில் மூழ்கிப் போனதாம், அதற்குப் பணம். மகன் பேரில் மாதாமாதம் தொகை, பள்ளிக் கட்டணம் தனி. ஞாயிறு தோறும் அப்பா வந்து பார்க்கிறார்.

பெரியவர்கள் நல்லதை நினைத்துத்தான் சொல்வார்கள். ஆனால், ஜூன் மாசம் பிறந்தால் பீஸ் கட்ட அவர்கள் வரப் போவதில்லை. ஒரு புடவைக்கு நாலு கடை ஏறி இறங்கும் நாம், பிள்ளையின் எதிர்காலம் அடங்கிய பேப்பரை, கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கக் கூடாதா தோழியரே?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.