தஞ்சாவூர் மாத்திரையும் மருத்துவச் சான்றும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர்)

பாம்புக் கடிக்கு என்ன மருந்து என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள். வேர் என்பார் ஒருவர். கல் என்பார் மற்றொருவர். இப்போது கைப்பேசியும் தன் பங்குக்கு நூறு மருந்து சொல்கிறது. இவற்றுள் மெய் எது, பொய் எது? மருத்துவரும் செவிலியரும் அதை எங்கே தேடி அறிகிறார்கள்? இதனை ஓரளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆவல் எனக்குப் பிறந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு கார்த்திகையில், சம்பா வயலுக்குத் தண்ணீர் வைக்க இரவில் சென்ற என் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, பச்சிலைக்காகக் காத்திருந்தோம். மூன்று மணி நேரம் வீணாயிற்று. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பல் ஈறில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டுப் பல நாள் டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "படிச்ச புள்ள, நீ என்னப்பா சொல்றே?" என்று அன்றிரவு பாட்டி என்னைத்தான் கேட்டார். விரியனின் செதில் அமைப்பைத் தேர்வில் எழுதத் தெரிந்த எனக்கு, அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை.

ரஸ்ஸல் செய்த சோதனை

கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் ரஸ்ஸலின் பெயரால் அழைக்கிறார்கள். பேட்ரிக் ரஸ்ஸல் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய மருத்துவர், இயற்கையியலாளர். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் வெளியிட்டவர். அவர் காலத்தில் பாம்புக் கடிக்கு 'தஞ்சாவூர் மாத்திரை' என்ற ஒன்று பெரும் புகழ் பெற்றிருந்தது. பாஷாணம் சேர்ந்த மாத்திரை அது. வெள்ளைக்கார மருத்துவர்களும் அதை நம்பினார்கள். ரஸ்ஸல் நாய்களையும் கோழிகளையும் கொண்டு சோதித்துப் பார்த்தார். புகழுக்கு ஏற்ற பலன் அதில் இல்லை என்று கண்டார்.

பலனில்லாத மருந்துக்குப் புகழ் வந்தது எப்படி? கடிக்கும் பாம்பெல்லாம் நச்சுப் பாம்பு அன்று. நச்சுப் பாம்பே கடித்தாலும் ஒவ்வொரு முறையும் நஞ்சு உள்ளே இறங்குவதில்லை. அவ்வாறு தப்பியவர் எதை விழுங்கியிருந்தாலும் பிழைத்திருப்பார். பிழைத்தவர் ஊரெங்கும் சென்று மாத்திரையைப் புகழ்வார். இறந்தவர் வந்து குறை சொல்ல மாட்டார். ஆகவே, பிழைத்தவரை மட்டும் எண்ணினால் எந்த மருந்தும் நல்ல மருந்துதான்.

ஆங்கில மருத்துவத்திற்கும் இதே உரைகல்

நாட்டு மருந்துக்கு மட்டும் இச்சோதனை என்று எண்ண வேண்டாம். பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். உயிர் காக்கும் இம்மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அதைத் தடுக்க ஹைட்ரோகார்ட்டிசோன், புரோமெத்தசின் போன்றவற்றை முன்கூட்டியே கொடுக்கும் பழக்கம் இருந்துவந்தது.

இப்பழக்கம் சரியானதா என்று இலங்கை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். இந்தியாவில் செய்த விஷமுறிவு மருந்தைத்தான் அவர்களும் பயன்படுத்துகிறார்கள். 1,007 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 2011-இல் வெளிவந்தது. சிறிதளவு அட்ரினலின் பெற்றவர்களிடம், முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 விழுக்காடு குறைந்திருந்தது. மற்ற இரண்டு மருந்துகளாலும் அத்தகைய பயன் இல்லை! பழக்கம் வேறு, சான்று வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தேடும் இடங்கள்

தேடுமுன் கேள்வியைச் செம்மையாக அமைத்துக்கொள்ள வேண்டும். எந்த நோயாளிக்கு, எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, என்ன பலன் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

முதலில் பார்க்கத்தக்கது காக்ரேன் நூலகம். ஒரு கேள்வியைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோட்டுத் தருவது 1993-இல் தோன்றிய காக்ரேன் அமைப்பின் பணி. அடுத்தது, அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட். மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுக் குறிப்புகள் அதில் உள்ளன. 1997 முதல் எவரும் காசின்றிப் பார்க்கலாம். மூன்றாவது, 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு. தொடங்கும்போதே ஆய்வுகள் இங்கே பதிவாகிவிடுவதால், சாதகமில்லாத முடிவை ஒருவர் மறைத்துவிட்டாலும், அப்படியோர் ஆய்வு நடந்தது என்பதை மறைக்க முடியாது.

விலை கொடுத்துப் படிக்க வேண்டிய இதழ்களுக்கும் இன்று வழி பிறந்துள்ளது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் மத்திய அரசுத் திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் திட்டம் இது. நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இது பெரும் பேறாகும்.

கிடைத்ததையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? பணம் கொடுத்தவர் யார்? ஆய்வு நடந்த ஊரின் பாம்பும் நம் வயலின் பாம்பும் ஒன்றுதானா? இவற்றைக் கேட்டே தீர வேண்டும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. இனிப் பிழைத்தவரோடு இறந்தவரும் கணக்கில் வருவார்.

பாட்டி கேட்ட கேள்விக்கு இன்று என்னிடம் விடை இருக்கிறது. கயிறு கட்டாதே, கீறாதே, பச்சிலைக்குக் காத்திராதே. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல். நண்பர்களே, நம் வீடுகளில் பலரும் நம் முகத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அவர்கள் கேட்கும்போது மெய்யான விடையைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.