'சார்ஜ்': ஒரு சொல், பல சுமைகள்

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் சொற்களுள் 'சார்ஜ்' என்பதும் ஒன்று. மாணவர், அலுவலர், வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகிய அனைவரும் இதனைக் கையாளுகின்றனர். ஆயினும் அவரவர் கருதும் பொருள் வேறு. வண்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று கிளைத்த இது, சுமை ஏற்றுதல் என்னும் பொருளுடன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. சுமை என்னும் இக்கருத்தை மனத்திற்கொண்டால் ஏனைய பொருள்கள் எளிதில் விளங்கும்.

மின்கலத்தில் மின்னாற்றலை ஏற்றுவதும் சார்ஜ். ஒரு சேவைக்காகப் பயனீட்டாளர் மீது சுமத்தப்படும் கட்டணமும் சார்ஜ்.

அலுவலகத்தில்

பதவிப் பொறுப்பை ஏற்பதும் ஒப்படைப்பதும் அலுவலக வழக்கில் 'சார்ஜ்' எனப்படும். ஓர் ஊழியர் மீது சாட்டப்படும் குற்றமும் அதே சொல்லால் குறிக்கப்படுகிறது. 1965ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் ஒழுங்குமுறை விதிகளின்படி, கடுந்தண்டனைக்குரிய நடவடிக்கையில் குற்றச்சாட்டுகள் எழுத்து மூலம் தரப்படுகின்றன. சாட்டுதல் வேறு, மெய்ப்பித்தல் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தால், விசாரணைக்கு முன்னரே ஒருவர் குற்றவாளியாகக் கருதப்படும் தீங்கு நேரும்.

சொத்தின் மீது

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100ஆம் பிரிவில் மற்றொரு பொருளைத் தருகிறது. ஒருவருடைய அசையாச் சொத்து, பிறருக்குச் சேர வேண்டிய பணத்திற்குப் பிணையாக்கப்பட்டு, அந்நடவடிக்கை அடமானமாகவும் அமையாவிடில், அச்சொத்தின் மீது 'சார்ஜ்' உள்ளது. அடமானத்தில் சொத்திலுள்ள உரிமையின் ஒரு பகுதி கடன் கொடுத்தவருக்கு மாறுகிறது. இதில் அவ்வாறு மாறுவதில்லை. சொத்து பணச்சுமையை மட்டும் தாங்குகிறது.

வரவு செலவுத் திட்டத்தில்

பொதுநிதியைப் பொறுத்தவரை இச்சொல் மிகுந்த முக்கியத்துவம் உடையது. அரசியலமைப்பின் 112ஆம் பிரிவு, சில செலவுகளை இந்தியத் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சுமத்துகிறது. குடியரசுத் தலைவரின் ஊதியம், மக்களவைத் தலைவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், தணிக்கைத் துறைத் தலைவர் ஆகியோரின் ஊதியம், அரசுக் கடனுக்கான வட்டி முதலியன இவற்றுள் அடங்கும். 113ஆம் பிரிவின்படி இவற்றை நாடாளுமன்றம் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விடுவதில்லை. எனினும், 114ஆம் பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டம் இன்றி இத்தொகையையும் எடுக்க இயலாது.

இவ்வேற்பாட்டின் நோக்கம் தெளிவானது. நீதிபதியும் தணிக்கையாளரும் ஆண்டுதோறும் பெரும்பான்மையினரின் தயவை நாடி நிற்றலாகாது. அரசுக்குக் கடன் கொடுத்தவரின் நம்பிக்கையும் குலைதலாகாது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. கடன் பெருகி வட்டி உயருமாயின், மொத்தச் செலவில் மக்கள் பிரதிநிதிகளின் வாக்குக்கு உட்படும் பங்கு சுருங்கும். இன்று வாங்கும் கடன் நாளைய நாடாளுமன்றத்தின் கைகளையும் கட்டுகிறது எனலாம்.

நிதி அறிக்கையில் காணும் இச்சொல்லைக் 'கட்டணம் விதிக்கப்பட்ட செலவு' என்றோ, 'குற்றம் சாட்டப்பட்ட செலவு' என்றோ பெயர்த்தால் இவ்வளவும் மறைந்துவிடும். எனவே, அகராதியின் முதற்பொருளை எடுத்தாளுவதற்கு முன், எந்தச் சுமை, யார் மீது, எந்தச் சட்டத்தால் ஏற்றப்படுகிறது என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்குரிய விடையே சரியான தமிழ்ச் சொல்லைக் காட்டித் தரும்.