யாழ்ப்பாணத்தில் ஒரு பென்ஸ்: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றதும் எவர் கண்ணிலும் பென்ஸ் வந்து நிற்காது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் என்று இங்கிலாந்துக்காரன் செய்த கார்கள்தான் வந்து நிற்கும். கலியாண வீட்டு வாசலில் மாலை சுற்றிக்கொண்டு நிற்பவையும் அவைதான். ஆனாலும் "ஒரு பழைய பென்ஸ் எடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊரில் வந்து இருப்பவர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், வாடகை ஓட்டத்துக்கு எடுப்பான கார் தேடும் பெடியன் என்று பல வகை. கேள்வி சின்னது. பதில் எந்த வருடத்துப் பென்ஸ் என்பதில் தங்கியிருக்கிறது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். கார்ல் பென்ஸ் என்பவர் மான்ஹைம் நகரில் பெற்றோல் எஞ்சின் பூட்டிய மூன்று சில்லு வண்டிக்கு 1886 ஜனவரி 29இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வண்டி வந்ததே தவிர வாங்க ஆள் இல்லை. இரண்டு வருடம் கழித்து, 1888 ஓகஸ்ட் மாதத்தில், மனைவி பெர்த்தா கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அந்த வண்டியிலேயே புறப்பட்டார். நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். பெற்றோல் நிலையம் என்று ஒன்று உலகிலேயே இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தமாக்கினார். பிறேக் தேய்ந்தபோது வழியில் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கக் கொடுத்தார். பென்ஸ் கம்பனியின் முதல் மெக்கானிக் பெர்த்தாதான் என்று நான் சொல்வேன். பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்துக்குப் பொருத்தமான பெண்மணி.

மெர்சிடிஸ் என்ற பெயர் வேறு வழியாக வந்தது. அதே காலத்தில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் தனியே கார் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் கார் வாங்கி பிரான்சின் நீஸ் நகரில் பணக்காரருக்கு விற்றவர் எமில் ஜெலினெக். அவருடைய மகளின் பெயர் மெர்சிடிஸ். 1901இல் வந்த புதிய காருக்கு அந்தச் சிறுமியின் பெயரே வைக்கப்பட்டது. இரண்டு கம்பனிகளும் 1926இல் ஒன்றாகின. 1936இல் வந்த 260 டி, தொழிற்சாலையில் தொடர்ந்து செய்யப்பட்ட முதல் டீசல் கார்களில் ஒன்று. அதன் பிறகு ஜேர்மனியில் ரக்சி என்றால் பென்ஸ் டீசல் என்ற நிலை மெல்ல மெல்ல உருவானது. இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தக் கம்பனி கட்டாய உழைப்பாளர்களை வைத்து வேலை வாங்கியதையும் சொல்லாமல் விட முடியாது. பளபளப்பான விளம்பரப் புத்தகங்களில் அந்தப் பக்கம் மெல்லியதாகவே இருக்கும்.

எங்கள் பக்கத்துக்குப் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் வந்ததில் லொறிக்குப் பெரிய பங்குண்டு. இந்தியாவில் டாட்டாவின் டெல்கோ நிறுவனம் 1954இல் டைம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் செய்து 15 வருடங்கள் டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் லொறிகளைச் செய்தது. அந்த லொறி கடல் கடந்து முதலில் போன நாடு இலங்கை, 1961இல். கார்ப் பக்கத்தில் இலங்கை முகவராக நீண்ட காலம் இருந்துவரும் நிறுவனம் டிமோ. எங்கள் ஊரில் டிமோ என்றால் மீன் ஏற்றும், வெங்காயம் ஏற்றும் 'பட்டா' என்ற சிறு லொறிதான் நினைவுக்கு வரும். பென்ஸையும் பட்டாவையும் கொண்டுவந்தது ஒரே வீடு.

புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களுக்கு இந்தக் காருடன் இன்னொரு உறவு. 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குள் அகதிகளாகப் போனவர்கள் தெருவில் கண்ட ரக்சிகளில் பெரும்பாலானவை தந்த நிறப் பென்ஸ்கள். அவற்றில் அதிகம் '123' என்று அழைக்கப்படும் வகை. 1976 முதல் 1986 வரை ஏறத்தாழ 27 இலட்சம் செய்யப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் இன்று பென்ஸ் தேடுபவருக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான்.

காரணம் எளிது. 200 டி, 240 டி டீசல்களில் எஞ்சினை ஓட்டிக் காட்ட எந்தக் கொம்பியூட்டரும் தேவையில்லை. எண்ணெய் பம்ப் முற்றிலும் இயந்திர வேலை. ஸ்ரார்ட் ஆகிவிட்டால் பற்றறியைக் கழற்றினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். வால்வ் இடைவெளியை மெல்லிய தகடு வைத்துப் பார்த்துச் சாவியால் சரிசெய்யலாம். அதை ஒழுங்காகச் செய்தால் மற்றது பெரும்பாலும் தன்பாட்டில் நடக்கும். இதற்கு முந்தின வகையான ஒரு 240 டியை கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரில் கிறிகோரியோஸ் சகினிடிஸ் என்ற ரக்சிச் சாரதி 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டினார். 2004இல் அதைக் கம்பனியே வாங்கித் தன் நூதனசாலையில் வைத்தது. எஞ்சின்கள் இடையில் பல தடவை மாற்றப்பட்டவைதான். ஆனாலும் உடல் தாங்கியதே.

வேகம் மட்டும் கேட்காதீர்கள். தொடக்க கால 200 டியின் சக்தி 55 குதிரைத் திறன். நாவற்குழிப் பாலம் கடந்து நேர்றோட்டில் மிதித்தாலும் அது தன் நேரத்தில்தான் எழும்பும்.

யுத்த காலத்தில் பென்ஸ் ஏன் இங்கே ஒஸ்ரினைப்போல் நிலைக்கவில்லை என்ற கேள்விக்கும் விடை எஞ்சினுக்குள் இருக்கிறது. 1990இல் தொடங்கிய தடையோடு பெற்றோலும் உதிரிப்பாகமும் நின்றன. வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஏ40 போன்ற எஞ்சினின் அமுக்க விகிதம் 7க்குச் சற்றுத்தான் மேல். அந்தக் குறைந்த அமுக்கத்தில் மட்டமான எண்ணெயும் புகைந்து, தட்டி, எப்படியோ எரிந்துவிடும். அமுக்கம் 9 உள்ள 230 ஈ போன்ற பெற்றோல் பென்ஸில் இது நடக்காது. எஞ்சின் தட்டியே உடையும். டீசல் பென்ஸில் மண்ணெண்ணெய் எரியும், ஆனால் அதில் வழுவழுப்பு இல்லை. டீசல்தான் பம்புக்கு ஓயில். அது இல்லாமல் பம்ப் தேய்ந்துபோகும், தேய்ந்த பம்புக்கு மாற்று கொழும்பில். ஏ9 பாதையோ மூடியிருந்தது. ஆகவே எளிய கார் வென்றது. உயர்ந்த கார் கொட்டிலுக்குள் தூசி படிந்து நின்றது.

இனி வாங்கப் போகும் காருக்கு வருவோம்.

முதலில் செசி எண். பென்ஸில் அந்த எண்ணே காரின் சாதகம். 123.120 என்றால் 200 டி, 123.123 என்றால் 240 டி, 123.130 என்றால் 300 டி, 123.223 என்றால் 230 ஈ பெற்றோல். எஞ்சின் எண்ணும் அதற்கு ஒத்துவர வேண்டும்: 200 டிக்கு 615, 240 டிக்கு 616, 300 டிக்கு 617. ஜப்பான் எஞ்சின் பூட்டிய பென்ஸ்கள் இலங்கையில் உண்டு. அது குற்றமில்லை, சில வேளைகளில் அறிவான வேலையும்கூட. ஆனால் பதிவுப் புத்தகத்தில் அந்த மாற்றம் ஏறியிருக்க வேண்டும். ஏறாத காரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள். இந்த வகைக் கார்கள் பெரும்பாலும் சிங்கள 'ஸ்ரீ' இலக்கத் தகட்டோடு வரும். 1958இல் அந்த எழுத்துக்கு எதிராக வடக்கில் கிளம்பிய போராட்டத்தை நினைத்துத் தயங்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து.

அடுத்தது துரு. எங்களுக்கு மூன்று பக்கமும் உப்புக் காற்று. ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கம் நின்ற காரென்றால் இன்னும் கவனம். ஜக் வைக்கும் நான்கு துவாரங்கள், சில்லு வளைவுகள், பற்றறித் தட்டு, முன்கண்ணாடியின் அடிப்பாகம். இந்த இடங்களில் விரலால் அழுத்திப் பாருங்கள். புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் காந்தம் ஒன்றை வைத்துப் பார்ப்பது நல்லது. ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, பூச்சு. மேலே திறக்கும் கூரை உள்ள காரை வேப்பமரத்தின் கீழ் விடுபவர்கள் உண்டு. பூவும் சருகும் விழுந்து தண்ணீர் போகும் சிறு குழாய்கள் அடைத்து, கார்த்திகை மழையில் காருக்குள் குளம் கட்டும். எஞ்சின் மூடிக்குப் பின்னால் காற்று எடுக்கும் தட்டிலும் இதே கதை.

எஞ்சினை ஓட விட்டுச் சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். உடனே நிற்க வேண்டும். நிற்காமல் கடகடவென்று ஓடினால் பயப்பட வேண்டாம், பேயும் இல்லை. இந்த டீசல்களை நிறுத்துவது மின்சாரம் அல்ல, காற்று உறிஞ்சல். மெல்லிய குழாய்களில் எங்கேயோ ஒழுக்கு. கதவுப் பூட்டுகளும் அதே காற்றில்தான் இயங்குகின்றன, ஆகவே ஒழுக்கு கதவிலும் இருக்கலாம். ஒழுக்கைத் திருத்தும்வரைக்கும் எஞ்சின் மூடியைத் திறந்து, பம்பின் மேல் இருக்கும் நிறுத்தும் கம்பியை அமத்தினால் நின்றுவிடும். திருத்தும் செலவு சொற்பம். இதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

இவ்வளவும் எங்கேயும் பொருந்தும். யாழ்ப்பாணத்துக்கென்றே உள்ள எதிரி கிணற்றுத் தண்ணீர். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவே றேடியேற்றருக்குள்ளும் படியும். ஏ40 காரர்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றியே ஓட்டினார்கள், கொதித்தால் இறங்கி நின்று ஆறவிட்டார்கள். பென்ஸின் பிந்திய எஞ்சின்களில் தலைப்பாகம் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும், பிறகு கஸ்கற் மாற்றி மாற்றிக் களைத்துப் போவீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீரும் சரியான கூலன்ற்றும் தவிர வேறு எதுவும் உள்ளே போகக்கூடாது. வாங்கிய அன்றே பழையதை வடித்துவிடுங்கள்.

123க்குப் பின் வந்த 124 வகையும் நல்லதே. பலர் இதையே பென்ஸின் உச்சம் என்பார்கள். ஆனால் 1992க்கும் 1995க்கும் இடையில் செய்யப்பட்டவற்றில் எஞ்சின் வயர்களின் மேலுறை சூட்டில் பொடியாக உதிரும். நிலத்தில் மக்கிப் போகட்டும் என்று செய்த உறை காருக்குள்ளேயே மக்கியது. 1995இல் வந்த 210 வகை துருப்பிடிப்பதில் பெயர் எடுத்தது. 2002இல் வந்த 211இல் மின்னணுப் பிறேக். எத்தனை தடவை மிதித்தீர்கள் என்று அது தானே எண்ணி, கணக்கு முடிந்ததும் மாற்றச் சொல்லும். மாற்றுப்பாகத்தின் விலைக்கு இங்கே ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வரலாம்.

இன்னும் புதியவற்றுக்கு வந்தால் இலங்கைத் தெருக்களில் சி 180 ஏன் இத்தனை என்று கேட்கத் தோன்றும். எஞ்சின் கொள்ளளவை வைத்தே வரி என்பதால் சிறிய எஞ்சின் உள்ள பென்ஸ்தான் கட்டுப்படியாகும். கார் நல்ல கார். பிரச்சினை பின்னால் வருகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உங்கள் வழமையான கராச்சில் "அண்ணை, உதுக்கு ஸ்கான் பண்ணிப் பாக்க வேணும், எங்களிட்ட அந்த மெசின் இல்லை" என்பார்கள். அது நேர்மையான பதில், கோபிக்காதீர்கள். கொழும்பு இங்கிருந்து 400 கிலோமீற்றர். காரை லொறியில் ஏற்றி அனுப்பும் செலவையும் வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிய டீசல் பென்ஸை மட்டும் குடாநாட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. எஞ்சின் நீண்ட நேரம் சூடாக ஓடினால்தான் பிடித்த கரி எரிந்து போகும். பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பினாலும் 70 கிலோமீற்றர் வராத ஊர் இது. சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் காரில் அந்த வடிகட்டி அடைத்தே தீரும். கந்தகம் கூடிய சாதாரண ஓட்டோ டீசலை அடித்தால் இன்னும் கெதியாக.

"ஜேர்மனியில் மச்சானிடம் ஒன்று நிற்கிறது, அனுப்பச் சொல்லவா?" என்று கேட்பவர்களுக்கு: முடியாது. அங்கே ஸ்ரியறிங் இடப்பக்கம், இங்கே அப்படிப்பட்ட காரைச் சொந்தப் பாவனைக்கு இறக்க அனுமதி இல்லை. பழைய கார்களுக்கு வயது எல்லையும் உண்டு. அதைவிட, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது, வரியும் கடுமை. ஆகவே நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் கார்களே திரும்பத் திரும்பக் கைமாறுகின்றன, விலையும் இறங்குவதில்லை. மச்சானிடம் கேட்க வேண்டியது உதிரிப்பாகம். பழைய மாதிரிகளின் பல பாகங்கள் ஜேர்மனியில் இன்றும் கிடைக்கும். வால்வ் மூடி கஸ்கற், கதவு றப்பர், காற்றுக் குழாய் இணைப்புகள் போன்ற சிறியவை ஊருக்கு வரும் யாருடைய பெட்டியிலும் அடங்கும். பாக எண்ணைச் சரியாக எழுதிக் கொடுங்கள், "123 பென்ஸ் றப்பர்" என்று மட்டும் சொன்னால் தவறானது வரும்.

எண்ணெய்ச் செலவைப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள 240 டி லீற்றருக்கு 10 முதல் 12 கிலோமீற்றர் போகும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்த நாட்களில்கூட குடாநாட்டுக்குள் அது போதுமாக இருந்திருக்கும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனை உண்டு, எண்ணெய் தெளிப்பான்கள் தேய்ந்த டீசல் அங்கே தோற்கும். ஆகவே கடைசி வருடப் பரிசோதனைப் பத்திரத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் தீர்ப்பு இது. துருவில்லாத, புத்தகம் சரியான, சொந்த எஞ்சின் உள்ள 240 டி கிடைத்தால் வாங்குங்கள். 1992க்கு முந்திய 124 டீசலும் பரவாயில்லை. சி 180 எடுப்பவர் கொழும்புக்கு அடிக்கடி போய்வரும் ஆளாக இருக்க வேண்டும். மற்ற எதை வாங்க நினைத்தாலும், காசு கொடுக்கும் முன் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.